மிரியாமுக்காக அழாத மோசே

சென்ற திருவருகைக் காலத்தில் அன்பியப் பொறுப்பாளர்களுக்கென நடந்த ஒருநாள் பயிற்சியில் ‘தலைமையும் உணர்வு நுண்ணறிவும்’ என்ற பொருளில் உரையாற்றுமாறு நம்மைப் பணித்திருந்தனர். நான்கு பக்கங்களுக்குக் குறிப்பு எடுத்தோம். 1990-ஆம் ஆண்டில் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் இச்சொற்றொடரையே தலைப்பாகக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கண்டுகொள்ளுதல், அவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிதல், அவ்வறிவைக் கொண்டு தன் எண்ணத்தையும் செயலையும் நெறிப்படுத்துதல் என்பது அவர்கள் தந்த விளக்கம். நாம் குருப்பட்டம் பெற்ற 1995-ஆம் ஆண்டில் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. இன்று வங்கி மேலாளர் முதல் பள்ளித் தலைமையாசிரியர் வரை பலருக்கும் இது பயிற்சிப் பாடமாகிவிட்டது. இவற்றையெல்லாம் ஒழுங்காக எழுதி வைத்தோம்.

முதல்நாள் இரவு குறிப்பைப் படித்துப் பார்க்கையில் ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. தன் உள்ளத்தில் எழும் உணர்வு இன்னதென்று அறியாத தலைவனுக்காக அவனுக்குக் கீழிருப்பவர் விலை கொடுக்கிறார் என்று எழுதியிருந்தோம். எழுதும்போது எளிதாக வந்த வரி அது. படிக்கும்போது அந்த விலையைக் கொடுத்த ஓர் உபதேசியாரின் முகம் கண்முன் வந்தது. மறுநாள் உரையில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் நாம் சொல்லவில்லை. கைதட்டினார்கள், தேநீர் கொடுத்தார்கள், திரும்பி வந்தோம். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம். தொலைபேசியில் அவரிடம் இசைவு கேட்டபோது, “எழுதுங்க சாமி, பேரு மட்டும் வேண்டாம்” என்றார்.

நடந்தது 2019-ஆம் ஆண்டு. அப்போது கரிசல் பூமியில் ஒரு சிற்றூர்ப் பங்கில் நாம் பணியாற்றினோம். விண்ணேற்பு அன்னையின் ஆலயம் அது. ஆகஸ்டு 6-ஆம் நாள் கொடியேறி 15-ஆம் நாள் தேர்ப்பவனியோடு நிறைவுறும் திருவிழா. அவ்வாண்டு ஜூலைத் திங்களின் கடைசி வாரத்தில் நம் அக்காள் இறந்துபோனார். நம்மைவிடப் பதினோராண்டு மூத்தவர். ஆறு வயதில் தாயை இழந்த நம்மைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர். இளங்குருமடத்தில் சேரப் புறப்பட்டபோது டிரங்குப் பெட்டியும் பாயும் தலையணையும் வாங்குவதற்காகத் தம் காதிலிருந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்தவர். அதைப் பின்னர் மீட்டாரா என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். மறையுரையில் உயிர்ப்பைப் பற்றி இருபது நிமிடம் தெளிவாகப் பேசினோம். குரல் தழுதழுக்கவில்லை. குழியில் மண் தள்ளும்போதும் கண் கலங்கவில்லை. “சாமி எவ்வளவு திடமா நின்னாங்க பாத்தியா” என்று உறவினர் ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது. உண்மையைச் சொல்வதானால், அதைக் கேட்டதில் நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது. திருவிழா அழைப்பிதழ் அச்சகத்தில் காத்துக் கிடந்தது. அன்றிரவே பேருந்தேறிப் பங்குக்குத் திரும்பிவிட்டோம்.

ஆகஸ்டு 6 மாலை. கொடியை மந்திரித்தாயிற்று. மேளம் முழங்க, அதிர்வேட்டு வெடிக்க, உபதேசியார் கயிற்றை இழுத்தார். பாதி மரம் ஏறிய கொடி அங்கேயே நின்றுவிட்டது. மேலே கப்பியில் கயிறு முறுக்கிக்கொண்டு சிக்கியிருந்தது. தளர்த்தி இழுத்தார், மீண்டும் இழுத்தார். மேளம் நின்றது. கூட்டத்தில் எங்கோ ஓர் இளைஞன் சிரித்தான். ஒலிவாங்கி நம் கையில் இருந்தது.

“இருபத்திரண்டு வருசமா இந்தக் கொடிமரத்துக்குக் கீழே நிக்கிறீரு. ஒரு கயித்தைச் சரிபாக்கத் தெரியாதா? உமக்கெல்லாம் எதுக்கு உபதேசியார்ங்கிற பேரு?”

ஒலிபெருக்கிகள் அதை ஊர் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தன. அது போதாதென்று கடைசிக் கேள்வியை இன்னொரு முறையும் கேட்டோம். அவருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. அவருடைய பேரன் பீடச் சிறுவர்களுள் ஒருவனாக வெள்ளை அங்கி அணிந்து, தூபக்கலசத்தைப் பிடித்தபடி நமக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

உபதேசியார் மறுமொழி ஏதும் கூறவில்லை. கொடியை முற்றிலும் கீழிறக்கி, முறுக்கை நீக்கி, மெதுவாக இழுத்தார். கொடி ஏறியது. மக்கள் கைதட்டினர். கயிறு அறுத்த உள்ளங்கையைத் துண்டால் துடைத்துக்கொண்டு கூட்டத்தினூடே அவர் நடந்து போனதைக் கண்டோம். கண்ட பின்னும், ஊர்த் திருவிழா என்றால் ஓர் ஒழுங்கு வேண்டாமா, நம் கோபம் நியாயமானதுதானே என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

மறுநாள் காலைத் திருப்பலிக்கு அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அது பொதுக்காலம் பதினெட்டாம் வாரத்தின் வியாழக்கிழமை. வழக்கமாக முதல் வாசகம் படிப்பவர் அவரே. ஆகவே நாமே வாசக மேடைக்குச் சென்று நூலைத் திறந்தோம். எண்ணிக்கை நூல், இருபதாம் அதிகாரம்.

அன்பார்ந்த வாசகர்கள் அப்பகுதியை நன்கறிவர். மெரிபாவில் மோசே பாறையை இருமுறை அடித்த நிகழ்ச்சி. நாமும் அதைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஆயினும் அந்த அதிகாரத்தின் முதல் வசனம் அன்றுவரை நம் கண்ணில் பட்டதாக நினைவில்லை. இஸ்ரயேல் மக்கள் சீன் பாலைநிலத்துக்கு வந்து காதேசில் தங்குகின்றனர். அங்கே மிரியாம் இறக்கிறாள், அடக்கம் செய்யப்படுகிறாள். அவ்வளவே. அடுத்த வசனத்தில் தண்ணீர் இல்லையென்று மக்கள் திரண்டு வந்துவிடுகின்றனர்.

மிரியாம் யார்? குழந்தை மோசேயை நாணற்கூடையில் வைத்து நைல் நதியில் விட்டபோது, அதற்கு என்ன ஆகுமோ என்று தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காள் அவளே என்பது மரபு. செங்கடலைக் கடந்ததும் கஞ்சிரா எடுத்துப் பெண்களை ஆடிப்பாட அழைத்துச் சென்றவள். இடையில் ஒருமுறை தம்பியைப் பழித்துப் பேசித் தொழுநோய்க்கு ஆளானபோது, அவளைக் குணமாக்குமாறு ஆண்டவரிடம் கெஞ்சியவன் அந்தத் தம்பியே. அதே இருபதாம் அதிகாரத்தின் இறுதியில் ஆரோன் இறக்கும்போது மக்கள் முப்பது நாள் துக்கம் கொண்டாடுகின்றனர். பின்னர் மோசேக்கும் முப்பது நாள். மிரியாமுக்கு ஒரு நாளேனும் துக்கம் கொண்டாடியதாக விவிலியம் குறிக்கவில்லை. அவள் பொருட்டே பாலைநிலத்தில் ஒரு கிணறு மக்களைப் பின்தொடர்ந்து வந்ததாகவும், அவள் இறந்ததும் அது வற்றிப் போனதாகவும் யூத மரபு கூறும். தண்ணீர் கேட்டு வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்றவன் அக்காளைப் புதைத்த மண் கையில் காயாதவன். பாறையிடம் பேசச் சொன்னார் ஆண்டவர். அவன் மக்களைக் கலகக்காரர் என்று ஏசிவிட்டுக் கோலை ஓங்கினான்.

மோசேயின் பிழைக்கு இதுவே காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. திருநூல் அவ்வாறு சொல்லவில்லை. அவன் ஆண்டவரை நம்பி அவரது தூய்மையை மக்கள்முன் நிலைநாட்டவில்லை என்றே சொல்லுகிறது. விளக்கவுரையாளர் பலர் பலவாறு எழுதியுள்ளனர். ஆனால் அன்று காலை, எட்டோ பத்தோ பேர் இருந்த அந்தக் கோயிலில், முதல் வசனத்தைத் தாண்டி அடுத்ததற்குச் செல்ல நமக்கு நெடுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் இருந்த அருட்சகோதரி எழுந்து வந்து நூலைத் தம் பக்கம் திருப்பி மீதியைப் படித்து முடித்தார்.

அவ்வதிகாரத்தில் நம்மை இன்றும் அச்சுறுத்தும் செய்தி ஒன்று உண்டு. மோசே தவறாக அடித்தபோதும் தண்ணீர் வந்தது. ஏராளமாக வந்தது, மக்களும் குடித்தனர், கால்நடைகளும் குடித்தன. தலைவன் தவறிய இடத்திலும் காரியம் கைகூடிவிடுகிறது. நம் ஊரிலும் கொடி ஏறத்தானே செய்தது? அவ்வாண்டுத் திருவிழா குறைவின்றி நடந்தது. காணிக்கையும் முந்தைய ஆண்டைவிடக் கூடுதல். சாமி கண்டிப்பாக இருந்ததால்தான் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று பங்குப் பேரவையில் ஒருவர் பாராட்டவும் செய்தார். வெற்றியைக் கொண்டு தன்னை அளந்துகொள்ளும் தலைவனுக்குத் தன் குற்றம் ஒருபோதும் தெரிய வராது.

குருத்துவக் கல்லூரியில் தூய தோமா அக்குவினாரின் இறையியல் சுருக்கத்தை நாம் பயின்றவர்களே. மனவெழுச்சிகளைப் பற்றி மட்டும் அவர் இருபத்தேழு வினாக்கள் எழுதியிருக்கிறார். அன்பு, வெறுப்பு, விருப்பம், விலகல், மகிழ்ச்சி, துயரம், நம்பிக்கை, நம்பிக்கையிழப்பு, அச்சம், துணிவு, சினம் எனப் பதினொன்றையும் வரிசை பிறழாமல் ஒப்புவித்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். அவற்றுள் சினம் தனித்துப் பிறப்பதன்று. நேர்ந்த துன்பத்தால் உண்டாகும் துயரமும், அதற்கு ஈடு காணலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே அதை எழுப்புகின்றன என்பது அவர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரு துறவி எழுதி வைத்தது. விடைத்தாளில் எழுதியதை நம் நெஞ்சில் தேடிப் பார்க்க நமக்கு இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. பாவசங்கீர்த்தனத்தில் “சினம் கொண்டேன்” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம், எண்ணிக்கையும் சொல்லியிருக்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

குருமடங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1992-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், குருக்களின் உருவாக்கம் பற்றிய தம் மடலில் மனிதப் பண்பின் உருவாக்கமே பிற அனைத்துக்கும் அடித்தளம் என்று வலியுறுத்தினார். நாம் அப்போது இறையியல் மாணவர். அம்மடலைப் படித்தோம், அடிக்கோடிட்டோம். ஆனால் அழாத குருவே திடமான குரு என்று நமக்குக் கற்பித்தது எந்த நூலும் அன்று. ஊர் கற்பித்தது, வீடு கற்பித்தது, நமக்கும் அது பிடித்திருந்தது.

இயேசு பெருமான் செய்ததை எண்ணிப் பார்க்கிறோம். திருமுழுக்கு யோவான் கொலையுண்ட செய்தி கேட்டதும் அவர் படகேறித் தனிமையான இடத்துக்குப் போகிறார். கூட்டம் விடவில்லை, கரைவழியே நடந்து அவருக்கு முன்னால் போய் நிற்கிறது. அவர்கள்மேல் பரிவு கொள்கிறார், நோயாளரைக் குணமாக்குகிறார், ஐயாயிரம் ஆண்களும் அவர்களோடு வந்த பெண்களும் பிள்ளைகளும் உண்கின்றனர். அதன்பின் மத்தேயு குறிப்பிடும் செய்தியை நாம் விரைந்து கடந்து விடுகிறோம். கூட்டத்தை அனுப்பிவிட்டு அவர் மலைமேல் தனியே ஏறிப் போகிறார். மாலை வந்தபோதும் அங்கே தனியாகவே இருக்கிறார். பகலில் மக்களுக்காக விட்டுக்கொடுத்த தனிமையை இரவில் தேடிப் பெற்றுக்கொள்கிறார். இலாசரின் கல்லறைக்கு முன்னாலோ எல்லாரும் பார்க்கவே கண்ணீர் விடுகிறார். அவர் அன்று அழுததால் அவர்மேல் இருந்த மதிப்பு யாருக்குக் குறைந்தது?

அந்த வியாழன் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் கொல்லையில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“அவுக கோவிக்கல சாமி. ‘துக்க வீட்டுல இருந்து வந்த மனுசன், இன்னும் எங்கயும் இறக்கி வைக்கல’ன்னு அன்னைக்கே சொன்னாக” என்றார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நம் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாத நேரத்தில், நம்மால் அவமானப்பட்டு நின்ற அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவருக்கு வலிக்கவில்லை என்று பொருளன்று. நாம் மன்னிப்புக் கேட்டபோது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. குழைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நவநாளன்று ஒலிவாங்கியிலேயே ஊரார் முன் மன்னிப்புக் கேட்டுவிடுகிறோம் என்றோம். உடனே நிமிர்ந்தார்.

“வேண்டாம் சாமி. மைக்குல சொன்னா, அன்னைக்குக் கேக்காதவனும் என்ன ஏதுன்னு கேப்பான்.”

நமக்குச் சுருக்கென்றது. நம் நெஞ்சின் பாரத்தை இறக்கி வைக்க அவருடைய அவமானத்தை மறுபடியும் மேடையேற்ற இருந்தோம். பெரிய கிரகோரியார் நினைவுக்கு வந்தார். 590-இல் திருத்தந்தைப் பொறுப்பை ஏற்ற அவர், மேய்ப்புப் பணி பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் மக்களை முப்பதுக்கும் மேற்பட்ட இணைகளாகப் பிரித்துக் காட்டி, ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு நஞ்சாகும் என்ற கருத்தில் ஒவ்வொருவருக்கும் எப்படி அறிவுரை கூறுவது என்று விளக்குகிறார். நாணமற்றவரும் நாணமுள்ளவரும் அவற்றுள் ஓர் இணை. முன்னவரைக் கடிந்து திருத்தலாம். பின்னவருக்கோ மென்மையாக ஒரு சொல் போதும், கடுஞ்சொல் அவரை நொறுக்கிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோயில் வாசலில் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் மனிதர் எந்த வகையென்று தெரிந்துகொள்ள நமக்கு ஒரு நூல் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

அவர் சொன்னபடியே ஒலிவாங்கியில் நாம் ஒன்றும் பேசவில்லை. 16-ஆம் நாள் காலை கொடியிறக்கத்தின்போது கயிற்றின் ஒரு பக்கத்தை அவரிடம் கொடுத்து மறுபக்கத்தை நாம் பிடித்துக்கொண்டோம். பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஊரறியச் செய்த குற்றத்துக்கு ஊரறிய மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். நமக்கு இன்றுவரை தெளிவில்லை. அந்தப் பேரன் அதன்பின் பீடப் பணிக்கு வரவே இல்லை. தனியே அழைத்துப் பேசினோம், தலையாட்டினான், வரவில்லை. 2021-இல் நாம் மாற்றலாகிப் புறப்பட்ட நாளில் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

அதுமுதல் சில பழக்கங்களை நம்மீது நாமே சுமத்திக்கொண்டோம். பேரவைக் கூட்டத்துக்குப் போகுமுன் பத்து நிமிடம் சக்கிறீஸ்தில் தனியே அமர்ந்து, இப்போது உள்ளே இருப்பது என்ன என்று கேட்டு அதற்கு ஒரு பெயர் தேடுகிறோம். ‘மனம் சரியில்லை’ என்பதெல்லாம் பெயராகாது. களைப்பா, பொறாமையா, அச்சமா, துக்கமா? 2007-இல் கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படத்தில் காணும் முகத்தின் உணர்வுக்குச் சொல்லால் பெயரிட்டவர்களின் மூளையில், அச்சத்தையும் அபாயத்தையும் கண்டு கிளர்ச்சியுறும் அமிக்டலா என்னும் பகுதி சற்று அடங்குவதைக் கண்டார்களாம். அறிவியல் நமக்குத் துணை வருவதில் மகிழ்ச்சிதான். எனினும் பத்து நிமிடமும் அமர்ந்துவிட்டு ஒரு பெயரும் கிடைக்காமல் எழுந்து போகும் நாள்களும் உண்டு.

கடிந்து எழுத வேண்டிய கடிதத்தை எழுதி, அன்றிரவு அனுப்பாமல் வைத்துவிடுகிறோம். இது ஆபிரகாம் லிங்கனிடம் கற்றது. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போரில் வென்ற தளபதி மீட், தோற்றோடிய பகைப்படையைப் பொட்டோமாக் ஆற்றைக் கடந்து தப்பவிட்டார். லிங்கன் மனம் நொந்து ஜூலை 14-ஆம் நாள் அவருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அதில் கையொப்பமிடவுமில்லை, அனுப்பவுமில்லை. மீட் போர் முடியும்வரை அப்படைக்குத் தளபதியாகவே இருந்தார். நம் மேசையின் கீழறையில் இப்போது அப்படி ஏழு கடிதங்கள் கிடக்கின்றன. எட்டாவதை அனுப்பிவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2022-இல், இப்போதைய பங்கில், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் பாதியில் நின்றது. கணக்குக் கூட்டத்தில் பேச்சு தடித்தது. நம் குரலும் ஏறத் தொடங்கியது. ஏறும்போதே, இது கோபமன்று, பணம் போதாமல் போய்விடுமோ என்ற பயம் என்பது விளங்கியது. “நமக்குப் பயமாக இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொன்னோம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் பொருளாளர், “எனக்கு ரெண்டு மாசமாத் தூக்கம் இல்ல சாமி” என்றார். சுவர் கட்டி முடிய மேலும் ஓராண்டு ஆயிற்று. ஆனால் அன்று யாரும் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறவில்லை.

அக்காளின் முப்பதாம் நாள் திருப்பலி 2019 ஆகஸ்டின் கடைசியில் நம் சொந்த ஊரில் நடந்தது. விடியற்காலைப் பேருந்துக்காக நின்றபோது உபதேசியாரும் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். நாம் அழைக்கவில்லை. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மெழுகுவர்த்தியும், ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரமும். மூன்று மணி நேரப் பயணம். பக்கத்திலேயே அமர்ந்திருந்தார், பேசவில்லை. ஊர் நெருங்கும் வேளையில் மெதுவாகக் கேட்டார்.

“அக்கா பேரு என்ன சாமி?”

சொன்னோம். அடக்கத்துக்குப் பின் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. அதற்குமேல் பேச முடியவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து நம் மடியில் வைத்துவிட்டு, இறங்கும் இடம் வரும்வரை சன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.